துருப்பூச்சும் சேமஅச்சும்

துருவை விலை கொடுத்து வாங்குகிறார்கள். இதை உவமையாகச் சொல்லவில்லை. புத்தம்புதிய இரும்புக் குழாயின் வண்ணத்தைச் சுரண்டி எடுத்து, வினிகரும் உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து தெளித்து, ஓரிரவில் செந்துரு படிய வைத்து, அது மேலும் பரவாதிருக்க மேலே நிறமற்ற வார்னிஷ் பூசி, இதோ நூறாண்டுப் பழமை என்று நிறுத்துகிறார்கள். வீட்டிலேயே மிதிவண்டியில் மோட்டார் பொருத்தி, அதைப் பழைய பாணியில் ஒப்பனை செய்து ஓட்டும் ஆர்வம் மேனாட்டுக் கொட்டகைகளிலிருந்து நம் ஊர்த் தாழ்வாரங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆர்வத்தில் குற்றமில்லை. நாமும் செங்கல்பட்டில் ஒரு கோடை விடுமுறை முழுவதையும் அப்படி ஒரு வண்டிக்குக் கொடுத்தவர்தாம். நம் சண்டை அந்தத் துருவோடுதான். மாமல்லபுரத்துக் கடற்காற்றில் ஒரு சைக்கிளை மூன்று மாதம் வெளியே நிறுத்தினால் செயினும் ஸ்போக்கும் ரிம்மும் தாமாகவே துருப்பிடிக்கும். அந்தத் துருவைத் துடைக்க எண்ணெயும் உப்புத்தாளுமாக மீனவக் குப்பத்து மனிதன் அல்லாடுவான். அவன் துடைத்தெறியும் பொருளை நாம் அலங்காரமாகப் பூசிக்கொள்கிறோம் என்றால், பழமை என்ற சொல்லுக்கு நாம் என்ன பொருள் கொண்டிருக்கிறோம் என்று கேட்டாக வேண்டும்.

நம் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பழம்பொருளின் தோற்றத்தை வழிபடுகிறோம். அதைச் செய்த கையைச் சிறிதும் மதிப்பதில்லை. இது வண்டிப் பித்தர்களிடம் மட்டும் உள்ள நோய் என்று தமிழ் படித்த நம்மவர் நிம்மதி கொள்ள வேண்டா. இந்நோய் முற்றிய இடம் நம் தமிழ்த்துறைகளே. அதற்குப் பிறகு வருவோம்.

மோட்டார் சைக்கிள் என்பது மிதிவண்டிப் பட்டறையில் பிறந்த குழந்தை. ராயல் என்ஃபீல்டு 1901இல் தன் முதல் மோட்டார் வண்டியைச் செய்வதற்கு முன்பு மிதிவண்டி செய்துகொண்டிருந்தது. அதே 1901இல் அமெரிக்காவில் ‘இந்தியன்’ என்ற பெயரில் வண்டி செய்யத் தொடங்கிய ஜார்ஜ் ஹெண்டீ ஒரு மிதிவண்டிப் பந்தய வீரர். ஹார்லியும் டேவிட்சனும் முதலில் செய்துபார்த்த வண்டி மேடு கண்டால் மூச்சு வாங்கியது. மிதித்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. நம் நாட்டிலும் வரிசை அதுவே. திருப்பதியில் பிரெஞ்சு மொத்தோபெக்கான் நிறுவனத்தின் வடிவில் செய்யப்பட்ட சுவேகா, 1972இல் புனேயிலிருந்து வந்த லூனா, 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 ஆகிய மூன்றிலும் மிதிகட்டை இருந்தது. எஞ்சின் மக்கர் செய்தால் மிதித்து வீடு சேரலாம் என்ற உறுதிமொழி அந்த மிதிகட்டை. பால்காரரும் மீன்காரரும் அஞ்சல்காரரும் அதை நம்பித்தான் வாங்கினார்கள்.

இவர்களில் எவரும் பழமையைச் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1901இல் அவ்வண்டி அந்நாளில் கிடைத்தவற்றுள் மிகப் புதியது. அதைச் செய்தவன் தன் கைக்கு எட்டிய மிகச் சிறந்த எஃகையும், மிகச் சிறந்த எனாமலையும், தனக்குத் தெரிந்த முழு இயற்பியலையும் அதில் போட்டான். இன்று அதன் நகலைச் செய்கிறவனோ, அன்றைய குறையையும் சேர்த்து நகலெடுக்கிறான். 1910களில் அமெரிக்காவில் மரப்பலகைத் தடங்களில் ஓடிய பந்தய வண்டிகளுக்குப் பிரேக் கிடையாது. 1912இல் நியூவார்க்கில் அத்தகைய தடமொன்றில் ஒரே விபத்தில் ஓட்டியவர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் மாண்டார்கள். அந்த வண்டிகளின் ‘சுத்தமான கோடு’ கெடுகிறது என்பதற்காக முன்பிரேக்கைக் கழற்றிவிட்டு இன்று படமெடுத்துக்கொள்கிறார்கள். தடத்தில் ஓடியவனுக்கு ஒரு காரணம் இருந்தது. அங்கே எதிரே லாரி வராது. திருக்கழுக்குன்றம் சாலையில் வரும்.

நாம் எடுத்துக்கொண்டது கருப்பு நிறத்துப் பழைய ஆண்கள் சைக்கிள். 28 அங்குலச் சக்கரம், கம்பிப் பிரேக், இரட்டை ஸ்பிரிங் தோல் சீட்டு. தமிழ்நாட்டில் அறுபது வயது கடந்த எவரிடம் காட்டினாலும் தம் தந்தையாரின் வண்டி என்பார். கம்பிப் பிரேக்கின் இலக்கணம் எளியது: கைப்பிடியை அழுத்தினால் இரும்புக் கம்பி மேலே இழுக்கும், ரப்பர்க் கட்டைகள் இரண்டு ரிம்மின் உட்புறத்தில் ஒட்டும். மிதித்துப் போகும் வேகத்துக்கு அது போதும். குரோமிய முலாம் பூசிய எஃகு ரிம் மழையில் நனைந்தால் அந்த ரப்பர் வழுக்கும். ஐப்பசி மழையில் அந்தச் சைக்கிளை ஓட்டிய யாவருக்கும் தெரியும், நிறுத்த நினைத்த இடத்துக்குப் பல முழம் தாண்டியே அது நிற்கும். ஆகவே எஞ்சினைப் பற்றிப் பேசும் முன்னர்ப் பிரேக்கைப் பற்றி முடிவு செய்தோம். காயலான் கடையில் மொபெட்டின் டிரம் பிரேக் ஹப் ஒன்று கிடைத்தது. அதில் 36 துளை. நம் பழைய சைக்கிளின் முன் ரிம்மிலோ 32, பின் ரிம்மில் 40. ஆங்கிலேயன் வகுத்த கணக்கு அது. முன்னால் சுமை குறைவு, பின்னால் அதிகம். 36 துளை ரிம் 26 அங்குல மலைச்சைக்கிள்களில்தான் எளிதில் கிடைக்கிறது. அதைப் பூட்டினால் வண்டியின் முன்பக்கம் ஏறக்குறைய ஓர் அங்குலம் தாழ்கிறது. மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே அசிங்கமான இடைவெளி விழுகிறது.

பார்த்த நண்பர்கள் எல்லாரும் அந்த இடைவெளியைத்தான் சுட்டினார்கள். ‘அழகு போய்விட்டதே!’ ஆம், போய்விட்டது. வண்டி நிற்கிறது.

எஞ்சினுக்கு ஒரு கணக்கு உண்டு. கவிதையைச் சீர்பிரிக்கத் தெரிந்தவனுக்கு அது கடினமன்று. 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.2 மீட்டர் ஓடும். மணிக்கு 25 கிலோமீட்டர் போக வேண்டுமானால் நிமிடத்துக்கு 190 முறை சுற்ற வேண்டும். புல்வெட்டும் கருவியில் வரும் 25 சிசி நான்கு வீச்சு எஞ்சின் தன் முழு வலுவான ஏறத்தாழ ஒரு குதிரைத்திறனை நிமிடத்துக்கு 7000 சுற்றில் தருகிறது. 7000த்தை 190ஆல் வகுத்தால் ஏறத்தாழ 37. அவ்வளவு வேகத்தைக் குறைத்துத்தான் சக்கரத்துக்குக் கொடுக்க வேண்டும். ஒரே செயினில் செய்ய முயன்றால், எஞ்சின் பக்கம் 10 பல் இருக்கச் சக்கரத்தின் பக்கம் 370 பல் வேண்டும். சைக்கிள் செயினின் அளவில் அந்தப் பல்சக்கரம் ஒன்றரை மீட்டர் குறுக்களவு வரும். சைக்கிளை அதற்குள் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். எனவே இடையில் ஒரு தண்டு வைத்து இரு படியாகப் பிரித்தோம். 10க்கு 60, மறுபடியும் 10க்கு 60, ஆறாறு முப்பத்தாறு. லேத்துப் பட்டறையில் அந்த இடைத்தண்டைக் கடைந்து கொடுத்தவர் தாளில் நாம் போட்டுக் கொண்டுபோன கணக்கைப் பார்க்கவே இல்லை. எஞ்சினைக் கையில் தூக்கிப் பார்த்தார், சக்கரத்தை ஒருமுறை சுழற்றினார், ‘ரெண்டு ஸ்டேஜா வைங்க சார்’ என்றார்.

1946இல் பிரான்சில் வந்த வெலோசோலெக்ஸ் வண்டியில் இவ்வளவு தொல்லை இல்லை. முன்சக்கரத்தின்மேல் எஞ்சின், எஞ்சினிலிருந்து ஓர் உருளை நேரே டயரில் உரசும், உரசியே ஓட்டும். மிக எளிய, மிகப் புத்திசாலித்தனமான ஏற்பாடு. டயர் நனைந்தால் வழுக்கும் என்பதொன்றே குறை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஊரில் அதை நகலெடுப்பது, பழமை தெரிந்த செயலாகலாம். அறிவு தெரிந்த செயலாகாது.

ஏன் 25 சிசி? சட்டம் அங்கேதான் கோடு போட்டிருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28)ஆம் பிரிவு, நான்குக்குக் குறைவான சக்கரமும் 25 சிசிக்கு மேற்படாத எஞ்சினும் உள்ளதை மோட்டார் வாகனம் என்ற வரையறையிலிருந்தே விலக்குகிறது. முதலில் அது 35 சிசியாக இருந்தது. 1994இல் 25 ஆக்கினார்கள். மின்மோட்டாருக்கும் இத்தகைய விலக்கு உண்டு: 250 வாட்டுக்குக் குறைவு, மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவு என்பவை அதன் முதன்மை நிபந்தனைகள். இணையத்தில் பெட்டியோடு விற்கும் இரண்டு வீச்சு எஞ்சின்கள் பலவும் அறுபது, எண்பது சிசி. அவற்றைச் சைக்கிளில் பூட்டினால் அது பதிவில்லாத மோட்டார் வாகனம். விற்பவர் இதைச் சொல்வதில்லை, வாங்குபவர் கேட்பதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம்: இத்தகைய சிறு எஞ்சின்கள் பலவற்றின் கையேடு பெட்ரோலில் 10 விழுக்காடு எத்தனால் வரை பொறுக்கும் என்கிறது, நம் பம்புகளில் 2025இலேயே 20 விழுக்காடு கலப்பு பரவலாகிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். வண்டியை நிறுத்தும்போது பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு அணைப்பதே நல்லது.

இனி வண்ணம். இங்கேதான் நம் நண்பர்களோடு பெரும் பூசல்.

பழைய வண்ணத்தை முழுக்கச் சுரண்டி, சட்டத்தின் மூட்டுகளில் விரிசல் உண்டா என்று பார்த்தோம். பழைய சைக்கிளின் குழாய்கள் மூட்டுக் குவளைகளில் செருகிப் பித்தளை ஊற்றி இணைக்கப்பட்டவை. எஞ்சின் தாங்கும் பட்டைகளை அவசரத்துக்கு மின்வெல்டிங்கில் ஒட்டினால் மெல்லிய குழாய் வெந்துபோய், அதிர்வில் அதன் ஓரத்திலேயே வெடிக்கும். ஆகவே பட்டைகளைக் கவ்விகளாக்கி, ரப்பர் வைத்து, போல்ட்டில் முடுக்கினோம். வேண்டாதபோது கழற்றலாம், வண்டி மீண்டும் வெறும் சைக்கிளாகும். பிறகு ரெட் ஆக்சைடு, அது காய்ந்தபின் உப்புத்தாள், மறுபடியும் பூச்சு, மறுபடியும் நீர் விட்டுத் தேய்ப்பு. கருப்பு எனாமல் மூன்று கை. காலைப் பனி விலகாத நேரத்தில் அடித்தால் பளபளப்பு மங்கி வெண்மை படரும் என்பதால் வெயிலேறிய பிறகே அடித்தோம். இத்தனைக்கும் காரணம் ஒன்றே: இரும்பின்மேல் காற்றும் ஈரமும் படக்கூடாது. வண்ணத்தின் தொழில் அது. அழகு அதன் பின்னே வருவது. துருவையே வண்ணமாகப் பூசுகிறவன் மருந்துச் சீசாவில் நோயை அடைத்து விற்கிறான்.

எனாமல் காய்ந்தபின் பெட்ரோல் தொட்டியில் பொன்னிறக் கோடு. திருவொற்றியூரில் 1950களில் தொடங்கிய என்ஃபீல்டு ஆலையில் புல்லட்டின் தொட்டிகளுக்கு அந்தக் கோட்டைக் கையாலேயே இழுத்தார்கள். அளவுகோல் இல்லை, ஒட்டுநாடா இல்லை. தூரிகையை வைத்தால் வளைவு முழுவதும் ஒரே மூச்சு. உலகமெங்கும் ‘மதராஸ் கோடு’ என்று அந்நிறுவனம் அதைப் பெருமை பேசுகிறது. 2023இல் வெளிவந்த புல்லட் 350க்கும் கைக்கோடே விளம்பரமாயிற்று. நமக்குக் கோடு இழுத்துத் தந்தவர் செங்கல்பட்டில் பெயர்ப்பலகை எழுதியவர். பிளெக்ஸ் பதாகை வந்த பிறகு அவருக்குப் பலகை எழுத அழைப்பில்லை. வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார். அணில்வால் தூரிகைகளை மட்டும் எண்ணெயில் தோய்த்துத் துணியில் சுற்றி வைத்திருந்தார். தொட்டியின்மேல் அவர் கை ஓடியதைப் பார்த்த பிறகு, ‘விண்டேஜ் லுக்’ ஸ்டிக்கர் வாங்கி ஒட்டும் பெருமக்களோடு நமக்குப் பேச்சு நின்றுபோயிற்று. பழமை வேண்டுமா? அது உங்கள் தெருவிலேயே சுண்ணாம்பு வாளியோடு நிற்கிறது. கூலி கேட்கும் என்பதால் ஸ்டிக்கர் வாங்குகிறீர்கள்.

அந்தக் கோட்டையும் தேய்த்து மங்க வைக்கச் சொன்னார் ஒரு நண்பர். அப்போதுதான் பழையதாகத் தெரியுமாம். ஒருவர் முப்பதாண்டுப் பயிற்சியில் பிசிறில்லாமல் இழுத்ததை உப்புத்தாளால் தேய்ப்பதா? ஏட்டுச் சுவடியைக் கரையானுக்கு வைத்துப் பழமை சேர்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடு நமக்குப் புலப்படவில்லை.

இதே மனப்பான்மையை மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களில் நாள்தோறும் காணலாம். ஐந்து இரதத்துக்குப் போகும் வழியெங்கும் உளிச் சத்தத்தோடு இன்று கிரைண்டரின் சத்தமும் கேட்கிறது. வாங்க வருகிறவர் முகஞ்சுளிக்கிறார்: ‘மெஷின்லயா செய்றீங்க? கையால செஞ்சது இல்லையா?’ கேட்டவர் அடுத்த நொடியில் விலையைப் பாதியாகக் கேட்கிறார். கருங்கல்லை உளியால் மட்டுமே செதுக்கி அந்த விலைக்குக் கொடுக்க வேண்டுமாயின் சிற்பி பட்டினி கிடக்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றுவதில்லை. கிரைண்டர் கிளப்பும் கல்தூசு நுரையீரலில் படிந்து ஆளைத் தின்னும் என்பதைப் பற்றியும் அவருக்குக் கவலையில்லை. அதற்கு நீர்த்தெளிப்பு வேண்டும், முகமூடி வேண்டும், தூசு உறிஞ்சும் கருவி வேண்டும். கவலையெல்லாம் ‘அசல்’ பற்றியதே. பல்லவர் காலத்துச் சிற்பி தன் காலத்தின் மிகச் சிறந்த இரும்பைத்தான் கையில் எடுத்தான். மழுங்கிய கருவியைப் பழமைக்காக எடுக்கவில்லை. 1957இல் அவ்வூரில் சிற்பக் கல்லூரி தொடங்கப்பட்டது, 2017இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இவற்றால் எல்லாம் பொருளின் பெயர் காக்கப்படுகிறது, செய்கிறவனின் நுரையீரல்?

ஒன்றைக் கேட்க விரும்புகிறோம். மாமல்லபுரம் போகிற தமிழன்பர்களில் எத்தனை பேர் வலையன்குட்டை, பிடாரி இரதங்களைப் பார்த்திருக்கிறார்கள்? முற்றுப்பெறாதவை அவை. உளி போன தடமும், பாறையை எந்த வரிசையில் குடைந்தார்கள் என்பதும் அங்கேதான் தெரியும். செய்முறை திறந்து கிடக்கும் அந்த இடத்தில் கூட்டமில்லை. கூட்டமெல்லாம் முடிந்த பொருளின் முன்னால் நின்று படமெடுக்கிறது. கடற்கரையிலும் அதே கதை. மரத்தைக் கட்டிச் செய்த கட்டுமரம் படத்துக்கு அழகு. மீனவரோ, முன்பே தொடங்கி 2004 ஆழிப்பேரலைக்குப் பின் பெருமளவில், கண்ணாடியிழைப் படகுக்கும் எஞ்சினுக்கும் மாறிவிட்டார். ‘மரபு போயிற்றே’ என்று கரையில் நின்று இரங்குகிறவர் ஒருநாள் விடியற்காலையில் அலை தாண்டித் துடுப்புப் போட்டுவிட்டு வந்து இரங்கட்டும்.

இப்போது நம் வீட்டுக்கே வருவோம்.

கம்மியர், கொல்லர், தச்சர் என்று சங்கப் பாடல்களிலிருந்து பட்டியலெடுத்து ஆய்வேடு எழுதுகிறோம். பழந்தமிழர் தொழில்நுட்பம் என்று கருத்தரங்கம் நடத்துகிறோம். அதே நாம், ஒரு தமிழாசிரியர் கையில் கிரீஸோடு நின்றால் நகைக்கிறோம். ‘உமக்கு ஏன் ஐயா இந்த மெக்கானிக் வேலை?’ என்று கேட்டவர் ஒருவர், கேட்ட அன்று காலைதான் மாணவர்க்குப் பெரும்பாணாற்றுப்படை நடத்திவிட்டு வந்திருந்தார். அந்நூல் நம் தொண்டை நாட்டு நூல். காஞ்சித் தலைவன் தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. அதில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் உப்பு வணிகரின் வண்டியை வருணிக்கும் பகுதியைப் படித்திருப்பீர்கள். சக்கரத்தின் வட்டை, ஆரக்கால், முழவு போன்ற குடம், கனத்த மரச்சட்டம் என்று உறுப்பு உறுப்பாகச் சொல்கிறார். அவர் அந்த வண்டியின் அடியில் குனிந்து பார்த்தவர். தொலைவில் நின்று பார்த்தவருக்கு அந்த முழவு தெரிந்திருக்காது. அப்பகுதியை நாம் எப்படி நடத்துகிறோம்? உவமை நயம் என்று ஒரு வரி, அருஞ்சொற்பொருள் என்று நான்கு வரி. குடம் ஏன் அவ்வளவு பருத்திருக்க வேண்டும், ஆரம் அதில் எப்படிச் செருகப்படுகிறது, பளுவேற்றிய வண்டி குழியில் இறங்கும்போது எந்த இடம் முதலில் முறியும் என்று ஒரு மாணவன் கேட்டால் நமக்கு விடை தெரியாது. ஊருக்கு வெளியே இருந்த கடைசி வண்டிப் பட்டறைத் தச்சருக்குத் தெரிந்திருக்கும். அவரை நாம் ஒருநாளும் வகுப்புக்கு அழைத்ததில்லை.

புறநானூற்றில் அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார் ‘சேமஅச்சு’ என்ற ஒரு சொல்லை வைத்திருக்கிறார். மேடு பள்ளம் எப்படி வருமோ என்று அஞ்சி, உப்பு வணிகர் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்களாம். தலைவனை அதற்கு ஒப்பிடுகிறார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே நாம் உதிரி பாகம் வைத்திருந்தோம் என்று மேடையில் முழங்க இச்சொல் பயன்படுகிறது. முழங்குகிறவர் ஊர்தியின் டயர் வழியில் பஞ்சரானால் கைப்பேசியை எடுக்கிறார். அச்சு முறியும் என்று அறிந்திருப்பதும், முறிந்தால் சாலையோரத்தில் தானே மாற்றுவதும், மாற்றத்தக்கதாகவே வண்டியைச் செய்திருப்பதும் ஆகிய மூன்றும் சேர்ந்ததே சேமஅச்சு. திருகாணியே இல்லாமல் ஒட்டி மூடிய பொருள்களைக் கையில் வைத்துக்கொண்டு அச்சொல்லைப் பெருமை பேச நமக்கு என்ன உரிமை?

அந்த உரிமை உள்ள தமிழர் சிலரை அறிவோம். 1990களில் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் இல்லாது போன யாழ்ப்பாணத்தில், சில துளி பெட்ரோலை விட்டு எஞ்சினைத் தூண்டிப் பின் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டினார்கள். மின்சாரம் அற்ற இரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்துச் செய்தி கேட்டார்கள். அதை யாரும் பழைய பாணி என்று சொல்லிக்கொள்ளவில்லை. பிழைத்திருக்க வேண்டியிருந்தது, பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

நம் தலைநகரிலும் அப்படித் தெரிந்தவர்கள் உண்டு. மீன்பாடி வண்டியைச் சென்னைவாசிகள் அறிவார்கள். மூன்று சக்கர மிதிவண்டியில் கழிவுக்குப் போன பைக்கின் எஞ்சினைப் பூட்டி, காசிமேட்டிலிருந்து மீனும் பனிக்கட்டியும், பிற்பாடு சிமெண்டும் கம்பியும் ஏற்றிச் செல்வது. புதுப்பேட்டையில் உதிரி பொறுக்கி, தெருவோரப் பட்டறையில் செய்கிறார்கள். நாம் கோடை விடுமுறையில் செய்ததும் அவர்கள் செய்ததும் பொறியியலில் ஒன்றே. உண்மையில் அவர்கள் செய்தது கடினமானது. அது அரை டன் இழுக்கிறது. எனினும் நாம் செய்தால் பொழுதுபோக்கு, கலை, படத்துக்குரிய பொருள். அவர்கள் செய்தால் பறிமுதல். துருப்பூச்சு வண்டியைக் கண்டு வியக்கும் அதே கனவான், மீன்பாடி வண்டி முன்னால் போனால் ஆரனை அழுத்திக்கொண்டே இருக்கிறார்.

எதிர்வாதம் நமக்குத் தெரியும், அது வலுவானதும்கூட. அந்த வண்டிகளுக்குப் பதிவில்லை, காப்பீடில்லை, பிரேக் நம்பத்தக்கதன்று, நீளக் கம்பியை ஏற்றிக்கொண்டு வருவதால் பின்னால் வருகிறவர் உயிர் போகிறது, அடிபட்டவர் இழப்பீட்டுக்கு அலைய வேண்டியிருக்கிறது. முழுக்க உண்மை. மொபெட் ஹப்புக்காக அழகைக் கெடுத்துக்கொண்ட நாம் பிரேக்கைப் பற்றிய வாதத்தை எதிர்க்கமாட்டோம். ஆனால் தடை செய்வதும் கண்டுகொள்ளாமல் விடுவதுமாக மாறி மாறி நடக்கிறதே தவிர, அந்த வண்டியைச் சோதித்து, குறையைச் சொல்லி, திருத்தினால் அனுமதி தரும் வழி ஒன்றை யாரும் திறக்கவில்லை. மோட்டார் வாகன விதிகளின் 126ஆம் விதி உற்பத்தியாளரை மாதிரி வண்டியொன்றைச் சோதனை நிறுவனத்திடம் அளிக்கச் சொல்கிறது. அது ஆயிரக்கணக்கில் செய்யும் ஆலைக்கான கதவு. ஒரே ஒரு வண்டி செய்பவன் அந்தக் கதவின் கைப்பிடியைக்கூடத் தொட முடியாது. பிரித்தானியாவில், தானே செய்த மோட்டார் சைக்கிளை ஒருவர் தனி வண்டிக்கான சோதனைக்குக் கொண்டுபோய், பிரேக், விளக்கு, ஒலி, புகை யாவும் தேறினால் பதிவு செய்துகொள்ளலாம். நம் நாட்டில் மனம் இருந்தால் சட்டம் வளையும் என்பதற்கும் சான்று உண்டு. 2014இல் டெல்லி உயர்நீதிமன்றம் மின்ரிக்‌ஷாவைத் தடை செய்தது. அதே ஆண்டு விதிகள் திருத்தப்பட்டன, 2015இல் சட்டத்தில் அவற்றுக்கெனத் தனிப் பிரிவே சேர்க்கப்பட்டது. மின்ரிக்‌ஷாவுக்கு எழுதப்பட்டது மீன்பாடி வண்டிக்கு எழுதப்படவில்லை.

சோதனைக் கூடம் தொலைவில் இல்லை. மைய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் ஒரகடத்தில் இருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள். ராயல் என்ஃபீல்டின் ஆலையும் அதே ஒரகடத்தில். அங்கே பெருநிறுவனங்களுக்கு இருக்கும் வழியோடு, மாதம் ஒருநாள் தனியாருக்கும் ஒரு சாளரம் திறக்கட்டும். பட்டறைக்காரர் வண்டியைக் கொண்டுவரட்டும். பளுவேற்றி, குறிப்பிட்ட வேகத்தில் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று பார்க்கட்டும், விளக்கு, பின்காட்டி, சுமையின் நீளத்துக்கு வரம்பு, சட்டத்தில் எண் பொறித்துப் பதிவு, அதன்மேல் காப்பீடு. தேறாத வண்டியை என்ன காரணத்தால் தேறவில்லை என்று தமிழில் எழுதித் திருப்பி அனுப்பட்டும். அந்தத் தாளை எழுதித்தரத் தமிழ்த்துறையினர் போகலாம். ஆரக்கால், குடம், அச்சு, வட்டை என்ற சொற்களுக்கு அங்கே வேலை இருக்கும்.

நம் வண்டி 25 சிசி. அதற்கு அந்தச் சாளரம் தேவையில்லை. கேட்பது காசிமேட்டுக்காரருக்காக.